அப்பப்பாவின் கேள்வியும் புல்லின் நொதியமும்

நாங்கள் மூன்று பேரும் கலைப்பீடம். ஒருத்தி புவியியல், ஒருத்தி தமிழ், ஒருத்தி அரசறிவியல். சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். நொதியம் என்ற சொல்லைக் கடைசியாக எழுதியது அந்தப் பரீட்சையில்தான். உமிழ்நீரில் இருப்பது அமிலேசு என்று எழுதி ஒரு புள்ளி வாங்கினோம், அதோடு சரி. அப்படிப்பட்ட நாங்கள் இப்ப சில மாதமாக ஒரே ஒரு நொதியத்தைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு திரிகிறோம். கன்ரீனில் பக்கத்து மேசைக்காரர் எங்களை விநோதமாகப் பார்க்கினம்.

இது தொடங்கினது ஒரு பிழையிலிருந்து. அந்தப் பிழை எங்களுடையது.

2022இல் கிளைபோசேட் மீதான தடையை அரசு எடுத்தபோது நாங்கள் முதலாம் வருடம். கோபம் வந்தது. எங்களில் ஒருத்தியின் ஊர் வவுனியாப் பக்கம், குளத்தை நம்பின வயல்கார ஊர். அவளின் அப்பம்மா 2019இல் சிறுநீரக நோயால் இறந்தவர். அப்பப்பாவுக்கும் அதே நோய். மூன்று பேரும் ஒரு இரவு முழுக்க இருந்து முகநூலில் நீளமாக ஒரு பதிவு எழுதினோம். "தெளித்த கையாலேயே தன் குடும்பத்துக்கு நஞ்சூட்டிய விவசாயி" என்று அதில் ஒரு வரி. எழுதும்போது அந்த வரி எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. நிறையப் பேர் பகிர்ந்தார்கள். மாறிமாறி எங்களுக்கு நாங்களே வாசித்துக் காட்டிக்கொண்டோம்.

இந்தச் சித்திரை லீவுக்கு மூன்று பேருமாக வவுனியா போனோம். கண்டியில் பஸ் ஏறி, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி என்று போகிற வழியெல்லாம் குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் பெயர்ப்பலகைகள். மதவாச்சி, பதவியா என்றால் சிறுநீரக நோய் என்கிற அளவுக்கு அந்தப் பக்கம் பெயர் கெட்டுப்போய்க் கிடக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில்தான் அதை முதலில் கவனித்தார்கள். சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை, ஆனால் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செத்துப்போகிறது. பெரும்பாலும் வயலில் வேலை செய்கிற ஆக்கள். பெயரிலேயே "காரணம் தெரியாத" என்ற அடையோடு திரிகிற நோய்.

அப்பப்பாவுக்குக் கிழமையில் இரண்டு நாள் டயலைசிஸ். கையில் ஊசி ஏற்றுகிற இடம் புடைத்துப்போய் இருக்கும். அன்றைக்குப் பின்னேரம் முற்றத்துக் கதிரையில் இருந்து எங்களைக் கூப்பிட்டார்.

"பிள்ளையள், நீங்கள் எழுதினதை மகன் வாசிச்சுக் காட்டினவன். வடிவா எழுதியிருந்தீங்கள். ஒண்டு கேக்கவேணும். நான்தானே மருந்தடிச்சனான். அடிச்சுப்போட்டு கிணத்தடியிலதான் டாங்கி கழுவினனான். அந்தத் தண்ணிதான் மனிசியும் குடிச்சது. அப்ப, நானோ அவளைக் கொண்டனான்?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. கடைக்காரரிடம் விலை கேட்கிற மாதிரித்தான் கேட்டார். எங்கள் மூன்று பேருக்கும் வாய் வரவில்லை. இரண்டு வருடமாக அந்த வரியை அவர் தன்னோடு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அப்பதான் விளங்கிச்சு. "கேட்டுச் சொல்லுறம் அப்பப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். யாரைக் கேட்கப் போகிறோம் என்று எங்களுக்கே தெரியாது.

எங்கட போர்டிங்கின் மேல்மாடியில் விஞ்ஞானபீட அக்கா ஒராள் இருக்கிறா, தாவரவியல். கதவைத் தட்டி, கிளைபோசேட் சிறுநீரகத்தைப் பாதிக்குமோ இல்லையோ, ஓம் அல்லது இல்லை என்று சொல்லுங்கோ என்று கேட்டோம். அவ சிரிச்சா. "முதல்ல அது புல்லை எப்பிடிக் கொல்லுது எண்டு தெரியுமோ?" என்றா. தெரியாது. கிளைபோசேட்டைப் பற்றி ஆயிரம் சொல்லில் பதிவு எழுதின எங்களுக்கு அந்த அடிப்படைக் கேள்வி ஒருநாளும் வந்ததே இல்லை. நஞ்சு என்றால் கொல்லும்தானே என்ற அளவில் நின்றுவிட்டோம்.

அவ சொன்னதை, பிறகு நாங்கள் தேடி வாசித்ததோடு சேர்த்து, எங்களுக்கு விளங்கின மாதிரி எழுதுகிறோம்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. இருபது வகை மணி. அதில் ஒன்பதை எங்கட உடம்பால் செய்ய ஏலாது, சாப்பாட்டில் இருந்துதான் எடுக்கவேணும். பருப்பு, மீன், முட்டை என்று அம்மாமார் திணிக்கிறது இதற்காகத்தான். புல்லுக்குப் பருப்புக்கறி யார் கொடுப்பார்? அதனால் தாவரம் இருபதையும் தானே செய்துகொள்கிறது. அந்த இருபதில் மூன்று ஒரே குடும்பம்: பினைலலனின், தைரோசின், டிரிப்டோபன். மூன்றிலும் வளையம் ஒன்று இருக்கும். இந்த மூன்றுக்குமான மூலப்பொருள் ஏழு படி கொண்ட ஒரு பாதையால் வருகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு வேலை. ஆறாம் படியில் நிற்கிறதுதான் எங்கட ஆள். முழுப் பெயர் ஐந்து-ஈனோல்பைருவில்சிக்கிமேட்-மூன்று-பொஸ்பேற்று சிந்தேஸ். பயப்பட வேண்டாம், இனி "ஆறாம் படி" என்றே சொல்கிறோம்.

சிக்கிமேட் என்ற பெயரில் ஒரு கதை இருக்கிறது. ஜப்பானில் சிக்கிமி என்று ஒரு மரம், அன்னாசிப்பூவுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் நஞ்சு. 1885இல் ஐக்மான் என்கிற ஒல்லாந்து வேதியியலாளர் அதிலிருந்து பிரித்தெடுத்த அமிலத்துக்கு அந்த மரத்தின் பெயரையே வைத்தார். அது என்ன வேலைக்கு என்று அப்போது யாருக்கும் தெரியாது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் எல்லாத் தாவரமும் அந்த வழியால்தான் போய்வருகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

சும்மா சின்ன ஒழுங்கை இல்லை அது. ஒரு செடி சூரிய வெளிச்சத்தில் பிடிக்கிற காபனில் ஐந்தில் ஒரு பங்கு அளவு இந்தப் பாதையால் போகிறது என்று கணக்கிடுகிறார்கள். மரத்தை மரமாக நிமிர்த்தி வைத்திருக்கிற இலிக்னின் பினைலலனினில் இருந்து வருகிறது. பூவின் சிவப்பும் ஊதாவும் அப்படித்தான். கறுவாப்பட்டையின் வாசமும் அதிலிருந்துதான். தேயிலையின் துவர்ப்பும் சாயமும்கூட இதே பாதையில் பாதி வழி வந்தவைதான் என்று அக்கா சொன்னபோது எங்களில் ஹட்டன்காரி நிமிர்ந்து இருந்தாள். அவள் அம்மா கொழுந்து பறிக்கிறவர். "அப்ப எங்க அம்மா முப்பது வருசமா பறிக்கிறது இந்த ஆறாம் படி செஞ்சு குடுத்தத தானா?" என்றாள்.

அந்த நொதியத்தின் வடிவத்தை அக்கா போனில் காட்டினா. புரதங்களின் வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கிற பொதுத் தரவுக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது, யாரும் திறந்து பார்க்கலாம். விரலால் சுழற்றச் சுழற்ற நாடாச் சுருள் மாதிரி ஒன்று திரும்பித் திரும்பி வந்தது. ஈ.கோலை பற்றீரியாவினுடையது, 427 அமினோ அமிலம் கொண்ட ஒற்றைச் சங்கிலி. அது இரண்டு பாதியாக மடிந்திருக்கிறது. ஒரு பாதிக்குள் ஒரே மாதிரியான மடிப்பு மூன்று தரம் வரும், மற்றப் பாதியிலும் அதே மடிப்பு மூன்று தரம். இரண்டு பாதியையும் இரண்டே இரண்டு இழைதான் பிணைச்சல் மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேலை நடக்கிற இடம், அதாவது உயிர்ப்பு மையம், அந்தப் பிளவுக்குள்.

"ரெண்டு கையையும் தண்ணி அள்ளுற மாதிரி விரிச்சு வையுங்கோ" என்றா. வைத்தோம். "முதல்ல ஒரு ஆள் வந்து உள்ளங்கையில இருக்கும். சிக்கிமேட்-மூண்டு-பொஸ்பேற்று. அது வந்து இருந்தோண்ண கை மூடத் தொடங்கும், கொஞ்சம் முறுக்கின மாதிரி. மூடுற கைக்குள்ள ரெண்டாவது ஆள் வரும், பொஸ்போ ஈனோல் பைருவேட் எண்டு சின்ன ஆள். ரெண்டையும் ஒட்டவைச்சு, ஒரு பொஸ்பேற்றைக் கழட்டி விட்டிட்டு, கை திரும்ப விரியும். அவ்வளவுதான் அதின்ர சீவியம்."

பச்சையவுருமணிக்குள் இது இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் கட்டிலில் இருந்து கையை விரிச்சு மூடி, விரிச்சு மூடிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் யாரும் உள்ளே வந்திருந்தால் ஏதோ தியான வகுப்பு என்று நினைத்திருப்பார்கள்.

இப்ப மருந்து. கிளைபோசேட் மிகச் சின்ன மூலக்கூறு. அமினோ அமிலங்களிலேயே எளிமையானது கிளைசீன். அந்தக் கிளைசீனில் பொஸ்பரஸ் உள்ள ஒரு வாலை ஒட்டினால் அதுதான் கிளைபோசேட். அமினோ அமிலத் தயாரிப்பை நிறுத்துகிற சாமானே ஒரு அமினோ அமிலத்தில் செய்த சாமான். அது அந்த இரண்டாவது ஆளின் இடத்தில் வந்து இருந்துகொள்கிறது. முதல் ஆள் உள்ளங்கையில் இருந்த பிறகுதான் அதற்கு வடிவாக இடம் கிடைக்கும் என்பதுதான் இதில் விசேஷம். வெறும் கையில் அது பிடிபடாது. வேலை பாதி நடந்துகொண்டிருக்கிற நேரம் பார்த்து நுழைகிறது. கை மூடுகிறது, ஆனால் ஒட்டவைக்க ஒன்றும் இல்லை. திறக்கவும் மாட்டுதாம். 2001இல் இந்த மூடின நிலையைப் படமாக எடுத்துக் காட்டினார்கள். நாங்கள் போனில் சுழற்றினது அதைத்தான்.

பிறகு செடிக்கு என்ன நடக்கிறது? ஆறாம் படி நின்றுபோகிறது, முதல் ஐந்து படி நிற்கவில்லை. சிக்கிமேட் குவிந்துகொண்டே போகிறது, மூன்று அமினோ அமிலமும் வற்றிக்கொண்டே வருகிறது. மருந்து இலையில் விழுந்தாலும் உரியத்தின் வழியாக வேருக்கும் குருத்துக்கும் ஓடுகிறது. எங்கே வளர்ச்சி கூடவோ அங்கே முதலில் போகும். அதனால்தான் குருத்து முதலில் மஞ்சளாகிறது. ஒரு கிழமை, சிலவேளை இரண்டு கிழமை எடுக்கும். ஒருவகையில் பட்டினிச் சாவு. நாங்கள் பதிவில் "எரித்துக் கொல்லும்" என்று எழுதியிருந்தோம். எரிக்கவே இல்லை.

இன்னொன்றும் எங்களை யோசிக்க வைத்தது. இந்த மூலக்கூறை 1950இல் சுவிட்சர்லாந்தில் ஒருவர் முதலில் செய்தார், அதற்கு ஒரு பயனும் கண்டுபிடிக்கவில்லை. 1970இல் அமெரிக்காவில் மொன்சாண்டோவின் ஜோன் பிரான்ஸ் அது களையைக் கொல்லும் என்று கண்டார். 1974இல் ரவுண்டப் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அமினோ அமிலத் தயாரிப்பில்தான் எங்கேயோ கை வைக்கிறது என்ற ஊகம் முதலே இருந்தாலும், சரியாக எந்த நொதியத்தில் என்று ஜேர்மனியில் ஸ்ரைன்றுக்கனும் அம்ரைனும் காட்டியது 1980இல். அதாவது என்ன செய்கிறது என்று சரியாகத் தெரிய முதலே ஆறு வருடம் விற்றிருக்கிறார்கள். விஞ்ஞானம் முதலில் அறிந்து பிறகு செய்யும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அரசறிவியல்காரி இதைக் குறிப்பேட்டில் எழுதி இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

புல்லும் சும்மா இருக்கவில்லை. குரக்கனுக்கு மிக நெருங்கிய ஒரு காட்டுப்புல் இருக்கிறது, எங்கட முற்றங்களிலும் றோட்டோரங்களிலும் கதிர் விரல் மாதிரி விரிந்து நிற்குமே, அது. மலேசியாவில் அந்தப் புல் மருந்துக்குச் சாகாமல் நின்றது. பார்த்தால் அதன் ஆறாம் படியில் 106ஆவது இடத்தில் புரோலின் இருக்கவேண்டிய இடத்தில் செரின். ஒரு மணி மாறினது, கையின் வளைவு மயிரிழை மாறிப்போச்சு, வேலை நடக்கும், மருந்து மட்டும் முன்னைப்போலப் பிடிக்காது. அமெரிக்காவின் ஒரு கீரை இனக் களை வேறு வழி பார்த்தது. நொதியத்தை மாற்றவில்லை, அதைச் செய்கிற மரபணுவையே நூற்றுக்கு மேல் பிரதி எடுத்துக்கொண்டது. எத்தனை கையைத்தான் பூட்டுவாய் என்கிற மாதிரி. கம்பனிக்கும் விடை மருந்துத் தொழிற்சாலையின் கழிவில்தான் கிடைத்தது. அங்கே உயிரோடு இருந்த ஒரு பற்றீரியாவின் ஆறாம் படியில் கிளைசீன் இருக்கவேண்டிய முக்கியமான ஓர் இடத்தில் அலனின் இருந்தது. சற்றுப் பருத்த மணி, கிளைபோசேட்டுக்கு இடம் போதாது. அந்த மரபணுவைத்தான் சோயாவுக்குள் வைத்தார்கள்.

இதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வவுனியாக்காரி கடைசியில் கேட்டாள்: "சரி அக்கா, இந்த ஆறாம் படி எங்கட உடம்பில எங்க இருக்கு?"

"இல்லை."

எங்கேயும் இல்லை. மனிதருக்கு இல்லை, மாட்டுக்கு இல்லை, மீனுக்கு இல்லை. தாவரத்துக்கும் பற்றீரியாவுக்கும் பங்கசுக்கும் உண்டு, மலேரியாக் கிருமிக்குக்கூட உண்டு. எங்களுக்கு அந்தப் பாதையே கிடையாது. அதனால்தானே பினைலலனினையும் டிரிப்டோபனையும் சாப்பிட்டு எடுக்கிறோம்.

அந்த நிமிடம் அவள் அழுதுவிட்டாள். அப்பப்பா குற்றவாளி இல்லை என்று எடுத்துக்கொண்டாள். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். உடனே போன் எடுத்து ஊருக்குச் சொல்லவேண்டும் என்று எழும்பினோம். அக்காதான் மறித்தா. "இருங்கோ. இதே கதையைச் சொல்லித்தான் அந்த மருந்தை வித்தவையும்."

உண்மை. ஊரில் மருந்து விற்கிற ஒருவர் "இது புல்லுக்குத்தான் நஞ்சு, மனிசருக்கு ஒண்டும் செய்யாது" என்று சொல்லி வெறுங்கையால் கலக்கிக் காட்டினாராம். அப்பப்பா கையுறை போடாததற்கு அதுவும் ஒரு காரணம். புல்லைக் கொல்கிற வழி எங்களிடம் இல்லை என்றால், அந்த வழியால் எங்களைக் கொல்லாது என்பதுதான் அர்த்தம். வேறு வழி இல்லை என்று அர்த்தம் இல்லை. போத்தலில் இருப்பது கிளைபோசேட் மட்டுமில்லை, இலையில் ஒட்டுவதற்குச் சேர்க்கிற சவர்க்கார வகைப் பொருட்களும் இருக்கும். எங்கள் குடலில் இருக்கிற பற்றீரியாக்களில் பலவற்றுக்கு ஆறாம் படி உண்டு. கிளைபோசேட் உலோகங்களைப் பிடித்துக் கட்டிவைக்கவும் கூடியது, களைநாசினியாக வருவதற்கு முதலே, 1964இல், அந்தக் குணத்துக்காக அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை எடுத்திருக்கிறார்கள்.

2014இல் சன்ன ஜயசுமணவும் சக ஆய்வாளர்களும் வைத்த கருதுகோள் அந்தக் கடைசிக் குணத்தில்தான் நிற்கிறது. உலர் வலயத்துக் கிணற்றுத் தண்ணீர் வன்மையானது, கல்சியம் மக்னீசியம் கூட. கிளைபோசேட் அதனோடும் ஆசனிக் போன்றவற்றோடும் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்பது அவர்களுடைய வாதம். அது ஒரு கருதுகோள். நாங்கள் பதிவில் அதை "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தோம். ஆய்வுக் கட்டுரையை நாங்கள் மூன்று பேரும் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை, யாரோ எழுதின செய்தியை வாசித்துவிட்டு எழுதினோம். இதை எழுதுவது வெட்கமாகத்தான் இருக்கிறது.

2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் கிளைபோசேட்டை "புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும்" என்ற 2ஏ வகையில் போட்டது. அது புற்றுநோய் பற்றினது, சிறுநீரகம் பற்றினது இல்லை. நாங்கள் இரண்டையும் குழப்பியிருந்தோம். அதே வருடம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை மாறாகச் சொன்னது. அதே வருடம்தான் இலங்கை இறக்குமதியைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2021இல் எல்லா இரசாயனத்துக்கும் ஒரேயடியாகத் தடை, பிறகு என்ன நடந்தது என்று எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, வரிசையில் நின்றவர்கள்தானே.

ஹட்டன்காரிக்கு இதில் வேறு கோபம் இருந்தது. "எங்க தோட்டத்துலயும் அதே மருந்த தான் வருசக்கணக்கா அடிச்சாங்க. எங்கப்பா அடிச்சாரு. அங்க இந்த கிட்னி வருத்தம் இப்புடி இல்லயே? தடை பண்ணுனப்ப எங்கள யாரு கேட்டா? மலையில புல்லு இடுப்பு ஒசரம் வளந்துச்சு, அட்டையும் பாம்பும். சொரண்டிய எடுத்து குனிஞ்சி சொரண்டுனது யாரு?" மன்னார்க்காரி உடனே திருப்பினாள்: மலையில் தண்ணீர் வன்மை இல்லையே, அவர்களின் கருதுகோளே வன்மையான தண்ணீரைப் பற்றியதுதானே என்று. புவியியல் படிக்கிறவள், விடமாட்டாள். இரவு பன்னிரண்டு மணி வரை சண்டை. மத்திய அமெரிக்காவில், எல் சல்வடோர், நிக்கரகுவாவின் கரும்புத் தோட்டங்களிலும் இதே மாதிரிச் சிறுநீரக நோய் இருக்கிறது, அங்கே வெயிலும் உடல் வற்றிப்போகிற வேலையும்தான் பெரிய சந்தேகம். இங்கே தண்ணீரின் வன்மை, புளோரைட்டு, வெயில், கட்மியம், விவசாய இரசாயனம், பரம்பரை என்று பட்டியல் நீளம். ஒன்றே ஒன்றைக் காரணம் என்று கைநீட்ட இன்னும் முடியவில்லை.

எங்களுக்கு ஓம் அல்லது இல்லை வேண்டியிருந்தது. கிடைத்தது இதுதான்.

வெசாக் லீவுக்குத் திரும்பப் போனோம். பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனோம். போனில் அந்த நொதியத்தைச் சுழற்றி அப்பப்பாவுக்குக் காட்டினோம். கையை விரித்து மூடிக் காட்டினோம். அவரும் புடைத்த கையோடு விரித்து மூடிப் பார்த்தார். பொறுமையாகக் கேட்டார். இடையில் ஒரே ஒரு தரம் மறித்தார்.

"குருத்துத்தான் முதல்ல மஞ்சளாகும். ஓம். நான் கண்டிருக்கிறன்."

கொஞ்ச நேரம் கழித்து: "கலங்கின குளத்துத் தண்ணியில கலந்தா அந்த மருந்து வேலை செய்யாது, தெரியுமோ? மண்ணோட ஒட்டிப்போகும். எங்கட கிணத்துத் தண்ணியிலயும் அவ்வளவு சரிவராது, ரெண்டு மூடி கூடப் போடவேணும். மழைத் தண்ணி எண்டா ஒரு மூடி காணும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். களிமண்ணில் அது ஒட்டிக்கொள்ளும், வன்மையான தண்ணீரில் கல்சியம் அதைக் கட்டிப்போட்டுவிடும் என்று அக்கா சொல்லித் தந்ததை, அவர் முப்பது வருடம் டாங்கி தூக்கித் தெரிந்துவைத்திருக்கிறார். அந்தக் கருதுகோள் தொடங்குகிற இடமும் அதே கல்சியம்தான். அதை அவருக்குச் சொல்வதா விடுவதா என்று ஒத்திகையில் நாங்கள் முடிவெடுத்திருக்கவில்லை. பேத்திதான் சொன்னாள். மறைக்காமல் சொன்னாள். இப்படி ஒரு சந்தேகம் இருக்கு அப்பப்பா, ஆனா அது சந்தேகம்தான், இன்னும் ஒருத்தரும் உறுதியாச் சொல்லேல்ல, வெயில் எண்டும் சொல்லினம், தண்ணி எண்டும் சொல்லினம். நாங்கள் எழுதினது பிழை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதிப்போட்டம்.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, நான் இல்லையெண்டும் சொல்ல ஏலாது."

"ஓம் அப்பப்பா."

"நான்தான் எண்டும் சொல்ல ஏலாது."

"ஓம்."

"சரி" என்றார். எந்த மாதிரியான சரி என்று எங்களுக்கு இன்றைக்கும் விளங்கேல்ல. ஆறுதலா, களைப்பா, எங்கள் மனம் நோகக்கூடாது என்றதா. மூன்று பேருக்கும் மூன்று அபிப்பிராயம்.

அந்தப் பழைய பதிவை அழிப்பதா வைத்திருப்பதா என்று அன்றிரவு கதைத்தோம். அழித்தால் நாங்கள் தப்பிவிடுவோம் என்று பட்டது. அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு, எது கருதுகோள், எது புற்றுநோய் பற்றினது, எதை நாங்கள் வாசிக்காமல் எழுதினோம் என்று கீழே எழுதியிருக்கிறோம். முதல் பதிவைப் பகிர்ந்தவர்களில் நான்கு பேர்தான் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் காலை டயலைசிஸ். ஐந்தரை பஸ் எடுக்கவேணும். படுக்கப் போகமுதல் அப்பப்பா எங்களைக் கூப்பிட்டு, கிணற்றைச் சுற்றிப் புல் வளர்ந்துவிட்டது, லீவு முடிய முதல் கையால் பிடுங்கித் தரச் சொன்னார். விடிய டோர்ச் அடித்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். அரைவாசிக்கு மேல் அந்தக் குரக்கன் சாதிப் புல்தான். சும்மா இழுத்தால் வராது, வேர் அவ்வளவு பிடி. மண்ணை நனைத்துவிட்டுத்தான் பிடுங்கவேண்டியிருந்தது.